கப்பும் வளைகாப்பும்

தல்லாகுளத்துல ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ. பேர் வேண்டாம், எல்லா ஸ்டூடியோவும் இப்படித்தான். வாசல்ல இருக்கற கண்ணாடி ஷோகேஸை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. மொட்டை போட்ட குழந்தை, சடங்கான பொண்ணு, கல்யாண ஜோடி, கை நிறைய கண்ணாடி வளையலோட ஏழு மாச கர்ப்பிணி. கீழ் வரிசை ஓரத்துல கழுத்துல மெடலும் கையில கப்புமா விறைச்சு நிக்கற ஒரு பையன்.

கப் இல்லாத பையன் ஒருத்தனும் இல்லை. சும்மா ஓடிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கற பொண்ணும் இல்லை. ஜெயிக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம்னா அது பாஸ்போர்ட் சைஸ்தான். போட்டிக்கு விண்ணப்பம் போடறதுக்கு.

பி.காம். மக்களுக்கு இது சட்டுனு புரியும். முதல் வருஷ அக்கவுண்டன்சியில கன்சர்வேட்டிசம்னு ஒரு கொள்கை வருமே.. வராத லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு மட்டும் இப்பவே ஒதுக்கி வைன்னு. நம்ம வீட்டுப் பெரியவங்க அந்த பேப்பரை எழுதாமலே பாஸானவங்க :-) "மொதல்ல ஜெயிச்சுட்டு வா, அப்புறம் எடுப்போம்"ங்கறது விளையாடற பிள்ளைக்கு. "வயித்தோட படம் எடுக்காத, கண்ணு பட்டுரும்"ங்கறது கர்ப்பிணிக்கு.

ஃபிலிம் காலத்துல இதுக்கு ஒரு நியாயமாவது இருந்தது. ஒரு ரோல்ல 36 படம்தான். அதுல ஒண்ணைத் தோத்தவனுக்கு யாரு செலவழிப்பா? இப்ப கார்டுல ஆயிரக்கணக்குல எடுக்கலாம். பழக்கம் மட்டும் 36-லேயே நிக்குது.

போன ஆவணி மாசம் அந்த ஸ்டூடியோ அண்ணன் பக்கத்துல ஒரு சின்ன மண்டபத்துக்கு வளைகாப்பு எடுக்கப் போனார். வழக்கமான வேலை. கன்னத்துல சந்தனம் பூசற படம், ஒவ்வொரு அத்தையா வளையல் போடற படம், கலவை சாதம் வரிசையா இருக்கற படம். கடைசியில கண்ணாடிப் படம். பூ ஜடை முகத்தோட சேர்ந்து தெரியணும்னு பின்னாடி ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்ச்சு வைப்பாங்களே, அது. பார்க்கத்தான் சுலபம். போட்டோகிராபர் உள்ளே விழக்கூடாது, ஃபிளாஷ் வெளிச்சமும் விழக்கூடாது. கண்ணாடியை அரை அங்குலம் திருப்பறதுக்கே பத்து நிமிஷம் ஆகும்.

(வளைகாப்பு ஆல்பத்துல குழந்தையோட அப்பாவைத் தேடிப் பாருங்க. பந்தியில பரிமாறிக்கிட்டு இருப்பார். இப்ப சமணர் மலைத் தாமரைக்குளம் பக்கம் போய் மெட்டர்னிட்டி ஷூட் எடுக்கறாங்கன்னு நாம கிண்டல் பண்றோம். அதுலயாவது அவரும் நிக்கறார்.)

அந்த நேரத்துலதான் தங்கச்சி உள்ளே வந்தா. ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு, 400 மீட்டர் ஓடறவ. ரேஸ்கோர்ஸ் மைதானத்துல அன்னைக்குக் காலையில செலக்‌ஷன். ஜெர்சி முதுகோட ஒட்டிக் கிடக்கு, ஸ்பைக்ஸ் கையில தொங்குது.

"என்னாச்சுடி?"

"நாலாவது. ரெண்டு பேரைத்தான் எடுத்தாங்க."

அம்மா வேற எதுவும் கேட்கல. "தாவணி எடுத்து வச்சிருக்கேன், மூஞ்சியக் கழுவி மாத்திட்டு வா. போட்டோ எடுக்கணும்."

"இப்படியே நிக்கட்டும்மா" - சந்தனக் கன்னத்தோட அக்கா சொன்னா.

"தோத்துட்டு வந்த கோலத்துல எதுக்குடி?"

"நானும் டென்த் வரைக்கும் ஓடுனேன். ஒரு படம் காட்டு பாப்போம். மூணு சர்டிபிகேட் இருக்கு, ஒண்ணுல இனிஷியலே தப்பு. என் பிள்ள வந்து நீ ஓடுனியாம்மான்னு கேட்டா எதைக் காட்டுறது?"

ரெண்டு பேரோட உடம்பும் அன்னைக்கு ஒரே கணக்குதான். 17 வயசுல ஓடற கால் 25-ல அப்படியே இருக்காது. ஏழு மாச வயிறு அடுத்த மூணு மாசத்துல இருக்காது. கல்யாண ஜோடியாவது இன்னொரு நாள் அதே பட்டைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கலாம். பாதி கட்டின கட்டடத்தைக்கூட பேலன்ஸ் ஷீட்டுல கேப்பிட்டல் ஒர்க் இன் ப்ராக்ரஸ்னு காட்டச் சொல்லித் தர்றாங்க. மனுஷங்க விஷயத்துல மட்டும் கிரகப்பிரவேசம் வரைக்கும் காத்திருக்கோம்.

வெளியூர்லயும் இந்தத் தயக்கம் உண்டு. நடிகை டெமி மூர் ஏழு மாச கர்ப்பத்தோட 1991-ல வேனிட்டி ஃபேர் அட்டையில வந்தப்ப அமெரிக்காவிலேயே சில கடைகள் அதை மறைச்சு வச்சுதான் வித்தாங்க. எடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ். அதே பத்திரிகைக்கு 2017-ல அவரே எடுத்த இன்னொரு கர்ப்பிணி செரீனா வில்லியம்ஸ். அந்த வருஷ ஜனவரியில ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயிச்சப்பவே செரீனா கர்ப்பம். விளையாட்டும் தாய்மையும் ஒரே படத்துல!

அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். 2022 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தது ஞாபகம் இருக்கா? இந்திய மகளிர் ஏ அணிக்கு வெண்கலம். அந்த அணியில ஆடின ஹரிகா துரோணவல்லி அப்ப ஒன்பது மாச கர்ப்பிணி. அவரும் அந்த வெற்றி மேடையில நின்னார். நல்ல படம்தான், ஆனா அங்கேயும் கையில மெடல் இருந்தது.

மெடல் இல்லாத கதைக்கு மதுரைக்கே வரணும். சக்கிமங்கலம் ரேவதி வீரமணி. சின்ன வயசுலயே அப்பா அம்மா இல்லை. கூலி வேலை பார்த்து வளர்த்தது பாட்டி. பொம்பளப் பிள்ளைய ஓட அனுப்பறியான்னு ஊர் கேட்டதையும் தாங்கிக்கிட்டது பாட்டிதான். ஷூ இல்லாம வெறுங்காலோட போட்டியில ஓடினவர், பயிற்சியாளர் கண்ணன் கையில தேறி, நம்ம லேடி டோக்ல தமிழ் படிச்சு, 2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ல கலப்பு 4x400 தொடர் ஓட்டத்துல ஓடினார். அணி தகுதிச் சுற்றைத் தாண்டல. ஆனாலும் அன்னைக்கு அவர் படம் எல்லா பேப்பர்லயும் வந்தது. அதுக்கு முன்னாடி அந்த வெறுங்காலை மெனக்கெட்டு யாராவது எடுத்திருந்தா..

மண்டபத்துல ஸ்டூடியோ அண்ணன் யார் பக்கமும் பேசல. கண்ணாடியைத் தூக்கி ஓரமா வச்சார். ஃபிளாஷைக் கழட்டினார். "வேர்வை தெரியணும்னா பக்கவாட்டு வெளிச்சந்தாம்மா சரி. தங்கச்சி, ஜன்னல்கிட்ட வா. சிரிக்கெல்லாம் வேண்டாம்." அக்கா எழுந்து வந்து நிக்க கொஞ்ச நேரம் ஆச்சு. அவ கை வயித்து மேல, இவ கையில ஸ்பைக்ஸ். "சூவக் கீழ போடச் சொல்லுங்க, நல்ல காரியம் நடக்கற இடத்துல" - அப்பத்தா சத்தம் போட்டது. யாரும் போடல. நாலு க்ளிக். அதோட சாப்பாடு ஆறிடும்னு எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஆல்பத்துக்குப் படம் தேர்வு பண்ணிக் கொடுத்தது அம்மா. 120 நம்பர் எழுதின அந்தச் சீட்டுல இந்த நாலும் இல்லை. அக்கா போன் பண்ணி ஒண்ணை மட்டும் 8க்கு 12-ல தனியா பிரிண்ட் போடச் சொன்னா. வாங்க வந்தது தங்கச்சி. காலையில ரேஸ்கோர்ஸ்ல இருந்து நேரா வந்தா, அதே ஜெர்சி. கவரைப் பிரிச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அண்ணே, முட்டி ரெண்டும் கறுப்பா தெரியுதுல்ல.. மாத்த முடியுமா?"ன்னு கேட்டா.

"முடியும், ஆனா மாத்த மாட்டேன்"னார் அவர்.