குடுவையும் பெருங்கலமும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகுங் காலங்களிற் பெற்றோர் சிலர் என்னிடம் வினவுவதுண்டு: "மாஸ்டர், மகன் இரசாயனப் பொறியியல் படிக்க விரும்புகிறான். அது இரசாயனவியல்தானே?" இரசாயனவியலைக் கற்பிப்பதே என் தொழிலாதலின், இரண்டும் ஒன்றல்ல என விளக்குவதும் என் கடமையாகின்றது.

1941ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் நகரில், கிருமி நோயால் இறக்குந் தறுவாயிலிருந்த காவலர் ஒருவருக்குப் பெனிசிலின் ஏற்றப்பட்டது. சில நாட்களிற் காய்ச்சல் தணிந்தது. அவர் உணவும் உட்கொண்டார். ஆயின் கையிருந்த மருந்து தீர்ந்துவிட்டது. அவரது சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர். அதுவும் போதவில்லை. நோய் திரும்பிற்று, அவர் மாண்டார். பெனிசிலின் கண்டறியப்பட்டதோ 1928இல். அறிவு இருந்தது, வேண்டிய அளவு மருந்து இருக்கவில்லை.

பூஞ்சணம் வளரக் காற்று வேண்டும். சிறு குடுவையில் அது நீர்மத்தின் மேற்பரப்பிலே வளர்ந்தது. பெருங்கலத்தின் அடிக்குக் காற்று எட்டாது. மேலும், கலத்தின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் மேற்பரப்பு 4 மடங்காகும்; கொள்ளளவோ 8 மடங்காகும். உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழி குறையும். ஆகவே தூய காற்றை அடியிலிருந்து செலுத்தவும், கலக்கவும், குளிர்விக்கவும், வேற்றுக் கிருமி புகாது காக்கவும் வேண்டியதாயிற்று. 1944இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஏறக்குறைய 28,000 லீற்றர் கொள்ளும் கலங்கள் 14 இயங்கத் தொடங்கின. பெனிசிலின் ஆலை வடிவமைப்பில் முன்னின்றவருள் ஒருவர் மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ என்னும் பெண்மணி; 1937இலேயே இரசாயனப் பொறியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

மொறட்டுவையிலும் பேராதனையிலும் இத்துறையை நான்காண்டு பயில்வோர் கற்பன இவையே: பாய்பொருள் ஓட்டம், வெப்ப இடமாற்றம், திணிவு இடமாற்றம், தாக்க வேகம், ஆலைக் கட்டுப்பாடு. உயிர்மூலக்கூற்றுப் பொறியியலையுஞ் சேர்த்துக் கற்போர், நுண்ணுயிர்களையே வேலையாட்களாகக் கொள்வர். 1982இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மனித இன்சுலின், பற்றீரியங்களைக் கொண்டு ஆக்கப்பட்டதாகும். இன்று நம் இல்லங்களில் நீரிழிவுடன் வாழ்வோர் பலருக்கு அவ்வழி வந்த மருந்தே துணை.

இது எளிய படிப்பன்று. சமன்பாடுகளை எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. கணிதத்திலும் பௌதிகவியலிலும் உறுதியான பற்று வேண்டும். அத்தகைய பிள்ளை விரும்பிக் கேட்டால், பெற்றோர் தயங்கவேண்டியதில்லை. மருத்துவமொன்றே உயிர்காக்குங் கல்வி என்று நம்மிற் பலர் கருதுகின்றோம். மருத்துவரின் கையில் மருந்து தீராதிருக்கச் செய்பவரும் உயிர் காப்பவரே.