கடைசித் துண்டு

காய்கறி நறுக்குவதைப் பற்றிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் கட்டுரை எழுதப் புகுந்தால், "ஏன், இவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது, காலை நாலரை மணிக்கே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

நாம் வசிப்பது ஸ்ரீபெரும்புதூர். ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலம் என்று சொன்னால் ஒரு காலத்தில் போதுமாயிருந்தது. இப்போது வெளியூர்க்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஓஹோ, கார்க் கம்பெனி ஊரா?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ம் வருஷம் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. இவற்றைச் சுற்றிலும் கண்ணாடி, டயர், லாரி, கைத் தொலைபேசி என்று எத்தனையோ ஆலைகள். அந்த ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகளோ கணக்கில் அடங்கா. ஆதிகேசவப் பெருமாள் கண் விழிப்பதற்கு முன்பே இங்கே கம்பெனி பஸ்கள் விழித்துக் கொண்டு விடுகின்றன.

அப்படிப்பட்ட பஸ் ஒன்றில்தான் நம் இல்லாளும் போகிறாள். 'ஏ ஷிப்டு' வாரங்களில் ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு அவள் தெருமுனையில் நிற்க வேண்டும். நம் தாயாருக்கு முழங்கால் வலி. அரிவாள்மணையின் முன் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் கை கொடுக்க வேண்டும். ஆகவே, காய் நறுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. சர்வகலாசாலையில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கிய நமக்கு வாழைக்காய் நறுக்க யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. நாம் சீவிய வாழைக்காயில் ஒரு வில்லை அப்பளம் போலவும் அடுத்த வில்லை அடுப்புக்கட்டி போலவும் இருந்தது. எண்ணெயில் போட்டால் மெல்லியது கருகிப் போகும். தடித்தது நடுவில் வேகாமல் நிற்கும்.

"ஒரே கனமாகச் சீவினால்தான் ஒரே பதமாக வேகும்" என்றாள் இல்லாள். மறு நாள் பஜாரில் பாத்திரக் கடைக்குப் போய் ஒரு சீவல் கட்டை வாங்கி வந்தோம்.

நாகர்கோவில் பக்கத்திலும் மலையாள தேசத்திலும் நேந்திரங்காய் வறுவல் போடுகிறவர்கள், கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே கட்டையைப் பிடித்து மளமளவென்று சீவித் தள்ளுவார்களே, அதன் தம்பிதான் இது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'மாண்டலின்' என்று சங்கீதப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் 'ஸ்லைஸர்' என்றார். முழ நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை. நடுவே ஓர் எஃகுக் கத்தி. கத்திக்கும் பலகைக்கும் இடையே ஒரு சந்து. சந்து எத்தனை மில்லிமீட்டரோ, வில்லையின் கனமும் அத்தனையே. திருகைத் திருப்பினால் சந்து கூடும், குறையும். இவ்வளவுதான் யந்திரம். ஆனால் அதில் சீவிய காரட்டைப் பார்த்துவிட்டு நம் தாயாரே, "அடேயப்பா! அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறதே!" என்று வியந்தாள்.

பெட்டியில் இன்னொரு சாமானும் இருந்தது. குல்லாய் போன்ற ஒரு பிளாஸ்டிக் மூடி. அதன் உட்புறத்தில் சிறு முட்கள். காயை அந்த முட்களில் குத்தி, குல்லாயைப் பிடித்துத் தள்ள வேண்டுமாம். விரல் கத்திப் பக்கமே போகாது. இரண்டு நாள் அதை வைத்துச் சீவிப் பார்த்தோம். காய் நழுவியது, வேகம் வரவில்லை, கடைசியில் அரை அங்குலக் காய் முள்ளிலேயே தங்கி வீணாயிற்று. மூன்றாம் நாள் குல்லாய் பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறிக் கொண்டது. "இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு" என்று சொல்லிக் கொண்டோம்.

நிற்க. இந்த இடத்தில் நம் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அது நமக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல.

காலாண்டுப் பரீட்சை முடிந்து, பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் மதிப்பெண் அட்டையைக் கொடுத்துத் தகப்பனாரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தோம். ஒரு பையன் கொண்டு வந்த கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. கணக்கில் அவன் வாங்கிய மதிப்பெண்ணும் அப்படித்தான் இருந்தது. "இது நீயே போட்டதுதானே?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி அதட்டினோம். பையன் "இல்லை, ஸார்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் சொல்கிறவன் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத்தான் சொல்வான் என்பது இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறு நாள் அவன் தகப்பனார் வந்தார். "நம்ம பையன் மேல் ஏதோ சந்தேகம் என்று சொன்னான், ஸார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார். அப்போதுதான் அவருடைய வலக் கையைப் பார்த்தோம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பேனாவை இடுக்கிக் கொண்டு ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதே கோணல், அதே மாணல்.

நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதுபடுத்தாமல் நடந்ததைச் சொன்னார்.

ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலை. தகட்டை அச்சின் நடுவே வைத்துவிட்டுக் கையை எடுத்து, இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும்; அப்போதுதான் மேல் அச்சு இறங்கும். இரு கைகளும் பொத்தானில் இருப்பதால் அச்சுக்குள் கை இருக்க வழியில்லை. வேலைக்காரனின் விரலைக் காக்க எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்த உபாயம் அது. ஆனால் ஒரு பொத்தானை எப்போதும் அழுந்தியே இருக்கும்படி கட்டிவிட்டால் ஒரு கை மிச்சம்; மணிக்கு எத்தனையோ உருப்படி அதிகம்.

"கட்டியது யார்?" என்று கோபமாகக் கேட்டோம்.

"நான்தான் ஸார். உருப்படிக் கணக்கு எட்ட வேண்டுமே! மேஸ்திரி பார்த்தார், பார்க்காத மாதிரி போய்விட்டார். ஒரு விஷயம், ஸார். முதல் நாள் யாருக்கும் விரல் போகாது. அன்றைக்குப் பயம் இருக்கும். நன்றாகப் பழகின பிறகுதான் போகும்."

அவர் போன பிறகு பையனை அழைத்து, அதட்டியது எப்படி வகுப்பறிய நடந்ததோ அப்படியே வகுப்பறிய மன்னிப்பும் கேட்டோம். தகப்பனார் சொன்ன வாக்கியத்தை மாணவர்களுக்கு நீதியாகவும் எடுத்துச் சொன்னோம். பிறருக்குச் சொல்லும் நீதி எவ்வளவு இனிமையாக நாவில் வருகிறது!

மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாழைக்காய் வறுவல் செய்வதாக ஏற்பாடு. சீவல் கட்டையில் கை பழகி மூன்று மாதமாகிவிட்டது. கண்ணை வேறெங்கோ வைத்துக் கொண்டு சீவக் கூடிய பாண்டித்தியம் வந்திருந்தது. நாலாவது காய், முக்கால்வாசி சீவியாயிற்று. மிச்சம் ஒரு விரற்கடைத் துண்டு. அதை எறிய மனம் வரவில்லை. இன்னும் இரண்டு இழுப்புத்தானே என்று இழுத்தோம். முதல் இழுப்பில் வாழைக்காய் சீவுண்டது. இரண்டாவதில் நம் ஆள்காட்டி விரல்.

வலி உடனே தெரியவில்லை. தட்டில் இருந்த வெள்ளை வில்லைகள் சிவந்ததுதான் முதலில் தெரிந்தது. தாயார் காப்பிப் பொடி டப்பாவுடன் ஓடி வந்தாள். இல்லாள் அதைத் தடுத்து, சுத்தமான துணியை விரல்மேல் வைத்து அழுத்தி, கையை மார்புக்கு மேலே உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, பத்து நிமிஷம் விடாமல் பிடித்துக் கொண்டாள். தொழிற்சாலையில் அவளுக்கு முதல் உதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "எலும்புக்கு ஒன்றும் இல்லை. துவரம்பருப்பு அளவு சதை போயிருக்கிறது. வளர்ந்துவிடும்" என்றார்.

மறு நாள் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம். கட்டுப் போட்ட விரலை விலக்கிப் பேனாவைப் பிடித்ததில், கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அதையே வெகு நேரம் பார்த்துக் கொண்டு நின்றோம்.

விரல் ஆறும் வரையில் கரும்பலகையில் எழுத முடியாததால் ஓய்வு நிறைய இருந்தது. அந்த ஓய்வில் 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தோம். 2025 நவம்பர் முதல் அதன் இடத்தைப் புதிய சட்டத் தொகுப்பு எடுத்துக் கொண்டுவிட்டது. பிற்காலத்தில் திருத்தப்பட்ட அதன் அட்டவணையில், எந்த விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டைவிரலுக்கு 30 சதவீதம். ஒரு கையில் இரண்டு விரல்களுக்கு 20. ஆள்காட்டி விரல் முழுவதுக்கும் 14. எலும்பு போகாமல் நுனி மாத்திரம் துண்டிக்கப்பட்டால் 5. பையனின் தகப்பனாரும் நாமும் ஒரே அட்டவணையில் இரண்டு வரிகள் என்று தோன்றியது. மகன் வகுப்பில் பொய்யன் என்று பெயர் வாங்குவதற்கு அந்த அட்டவணையில் சதவீதம் இல்லை.

இது நம் ஊர்ச் சமாசாரம் மட்டும் அல்ல. 'ஸேஃப் இன் இந்தியா' என்னும் தர்ம ஸ்தாபனம் 2019 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகளில், மோட்டார் உதிரிப் பாகப் பட்டறைகளில், முக்கியமாக ஹரியானாவில், பவர் பிரஸ்ஸுக்கு விரலையும் கையையும் கொடுத்தவர்களின் கதைகளே நிறைந்திருக்கின்றன.

ஆலை யந்திரத்தையும் அடுக்களைக் கட்டையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமா என்றும் யோசித்துப் பார்த்தோம். தகட்டைத் தள்ளியவருக்குப் பின்னால் உருப்படிக் கணக்கு நின்றது. நமக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. ஒரு விரற்கடை வாழைக்காய்தான் நின்றது. அவருக்காவது ஒரு காரணம் உண்டு.

அரிவாள்மணையிலும் கத்தி அசையாது, காய்தான் அசையும்; சீவல் கட்டையிலும் அப்படியே. ஆனால் அரிவாள்மணையின் கூர் நம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. இரு கைகளும் அதற்கு இருபுறமும் இருக்கின்றன. சீவல் கட்டையிலோ கத்தி உள்ளங்கைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதை நோக்கியே கையை ஓட்டுகிறோம். ஒவ்வோர் இழுப்பிலும் காய் இரண்டு மில்லிமீட்டர் தேய்கிறது. விரல் இரண்டு மில்லிமீட்டர் கத்தியை நெருங்குகிறது. கைப் பழக்கம் அந்தத் தூரத்தைக் கூட்டுவதில்லை. தூரத்தை மறக்கத்தான் செய்கிறது.

ஆகவே, வீட்டில் இப்போது சில விதிகள் அமலில் இருக்கின்றன. உருண்டைக் காயானால் முதலில் கத்தியால் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கத்தைக் கட்டையில் வைக்கிறோம், உருளாது. கட்டையின் கீழே ஈரத் துணி, நழுவாது. சீவி முடித்ததும் கட்டையைப் பாத்திரங்களோடு சேர்த்துத் தொட்டி நீரில் போடுவதில்லை. கண் தெரியாமல் கை விடுகிறவர் விரல் என்னாவது? குழாய் நீரில் பிரஷ்ஷால் தேய்த்து, உறையில் போட்டு உயரத்தில் வைக்கிறோம். குல்லாய் பரணிலிருந்து இறங்கி வந்துவிட்டது. அது இல்லாமல் கட்டை பெட்டியை விட்டு வெளியே வராது. கடைசித் துண்டு சாம்பாருக்குப் போகிறது. வீணாகும் என்று நாம் பயந்த வாழைக்காய்க்கு அங்கே எவ்வளவு கௌரவமான இடம் காத்திருந்தது என்பதை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

வேகம் குறைந்துதான் போயிற்று. முன்பு பத்து நிமிஷத்தில் முடிந்த வேலைக்குப் பதினைந்து ஆகிறது. அந்த ஐந்து நிமிஷத்துக்காக நாலரை மணிக்குப் பதில் நாலு இருபத்தைந்துக்கு எழுந்திருக்கிறோம்.

அரையாண்டு மதிப்பெண் அட்டைகள் தை மாதத்தில் திரும்பி வந்தன. அந்தப் பையன் கணக்கில் பதினோரு மதிப்பெண் அதிகம் வாங்கியிருந்தான். தகப்பனார் கையெழுத்து அதே கோணலில் இருந்தது. அட்டையை நீட்டியபடி, "ஸார், உங்கள் விரல் எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்கச் சொன்னார்" என்றான்.

"ஆறிவிட்டது என்று சொல்" என்றோம். அவருடைய விரல்களைப் பற்றி நாம் அப்படிக் கேட்க முடியாது என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது.