எந்த நரி?

அழைப்பிதழில் பெரிதாக ஒரு யானை. ஞாயிறு காலை 10.30, நூலகத்தில் கதைசொல்லல், அனுமதி இலவசம். எந்த ஸ்டாப்பில் இறங்குவது, ஞாயிற்றுக்கிழமை எந்த கேட் திறந்திருக்கும், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதற்கெல்லாம் யானை இடம் விடவில்லை.

பெருங்களத்தூரிலிருந்து நான், மருமகள், நாலு வயதுப் பேத்தி. ஞாயிறு அட்டவணை என்பதால் மின்சார ரயில் சாவகாசமாக வந்தது. கிண்டியில் படிக்கட்டு. பேத்தி எண்ணிக்கொண்டே ஏறுவாள். எண்ணிக்கை தப்பினால் திரும்ப முதல் படி. வெளியே பஸ்ஸுக்கு நின்றோம். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் மருமகளுக்குக் காசில்லை, பேத்திக்கும் வயது பத்தாது. டிக்கெட் வாங்கும் ஒரே பிரஜை நான்தான். அந்தப் பெருமைக்கும் வழியில்லாமல் டீலக்ஸாகவே வந்தது. கடைசியில் ஆட்டோ. இலவச அனுமதிக்கு இருநூறு ரூபாய்.

உள்ளே நுழையும்போது, "அப்ப அந்த நரி என்ன பண்ணிச்சு தெரியுமா?" என்று கதைசொல்லி கேட்க, பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தின. பேத்தி என் வேட்டியை இழுத்து, "எந்த நரி?" என்றாள்.

எனக்கு மன்னார்குடி நினைவுக்கு வந்தது. 1931-ல் அங்கே கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் நூலகம் நடத்தினார். படிக்க வேண்டுமானால் டவுனுக்கு வா என்று சொல்லாமல், வண்டி கிராமம் கிராமமாகப் போனது. அதே வருஷம்தான் சென்னையில் எஸ்.ஆர்.ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் புத்தகமாக வந்தன. நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றி. எனக்கு விதியைவிட வண்டிதான் பிடிக்கும். எந்தக் கிழமை எந்த ஊர், மாட்டுக்கு எங்கே தண்ணீர், ஜனங்கள் வயலிலிருந்து திரும்பும் நேரம் எது என்று யாரோ ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தத் தாள் மட்டும் கிடைத்தால் சட்டம் போட்டு மாட்டிவிடுவேன்.

முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். கதைசொல்லி எப்படி, இருக்கை வசதி எப்படி. வந்த வழியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்: பஸ் நம்பர் போடுங்கள், ரயில் நேரம் பார்த்துத் தொடங்குங்கள், முதல் கால்மணி பாட்டு வையுங்கள், தாமதமாக வருகிறவர்களுக்கு நரி தப்பாது.

வீட்டில் பாட்டி கேட்டாள், "என்ன கதைடீ சொன்னாங்க?"

பேத்தி கிண்டிப் படிக்கட்டை முதல் படியிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.