ஒரே அளவுகோல் போதுமா?

முதுமை எலும்பை மெலிவிக்கும் என்பதை அனைவரும் அறிவர். அதே முதுமை இதயத்தின் ஒரு சிறு பகுதியை எலும்பைப்போல் இறுகச் செய்வதும் உண்டு. அதிலும் ஆணுக்கு ஒரு வழி, பெண்ணுக்கு வேறு வழி என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம். சற்றே கவலையும் உற்றோம்.

இதயத்தினின்று உடலெங்கும் குருதி செல்லும் பெருநாடியின் வாயிலில் ஒரு வால்வு உண்டு. மூன்று மெல்லிய இதழ்களாலான அக்கதவு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை திறந்து மூடுகின்றது. முதுமையில் சிலருக்கு அவ்விதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிகின்றது. அவை தடித்து விறைக்க, வாயில் குறுகுகின்றது. இது வெறும் தேய்மானம் அன்று. இதழிலுள்ள உயிரணுக்களே எலும்பை ஆக்கும் அணுக்களைப்போல் மாறிவிடுகின்றன என்பது ஆய்வாளர் கண்ட உண்மை.

வாயில் ஒரே அளவு குறுகியிருப்பினும், ஆணின் வால்வில் சுண்ணாம்பு மிகுதி. பெண்ணின் வால்விலோ அது குறைவு, நார்த்திசுவே மிகுதி. பெண்ணின் உடல் சிறியது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. உடலளவைக் கணக்கில் கொண்ட பின்னும் வேறுபாடு எஞ்சுகின்றது.

இதயத்தில் படிந்த சுண்ணாம்பை ஸ்கேன் படத்தைக்கொண்டு எண்ணால் குறிக்கும் முறையை ஆர்தர் அகட்ஸ்டன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1990இல் வெளியிட்டனர். இரத்தக் குழாய்களுக்கென வகுத்த அம்முறை பின்னர் வால்வுக்கும் பயன்பட்டது. 2017இல் வெளிவந்த ஐரோப்பிய மருத்துவ நெறிமுறைகள், சுருக்கம் கடுமையானது எனக் கருதுவதற்கு ஆணுக்கு 2000 என்றும் பெண்ணுக்கு 1200 என்றும் இரு எல்லைகளை வகுத்தன. ஆகவே 1500 என்னும் ஒரே எண் ஆணுக்கு ஆறுதல், பெண்ணுக்கோ எச்சரிக்கை. ஆணின் அளவுகோலால் பெண்ணை அளந்தால், நோயுற்றவரை நலமுற்றவர் என வீட்டுக்கு அனுப்ப நேரும்.

மருத்துவமனையில் மட்டுமா இவ்வாறு நிகழ்கின்றது? நாம் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது காண்பது என்ன? ஐயாவுக்கு மூச்சிரைத்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். அம்மாவுக்கு மூச்சிரைத்தால், "வயசாயிடுச்சுல்ல சாமி" என்று அவரே சிரித்து மழுப்புகின்றார். வீட்டாரும் அச்சிரிப்பை நம்பிவிடுகின்றனர். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாது என்னும் அத்தாயின் எண்ணம் உயர்ந்ததே. ஆயினும் அதற்கு அவர் தரும் விலை பெரிது.

ஏனெனில் இச்சுருக்கம் கடுமையாகி, நடக்கையில் மூச்சிரைப்பு, மார்புவலி, மயக்கம் தோன்றிய பின் கவனியாது விட்டால், எஞ்சும் வாழ்நாள் சில ஆண்டுகளே. படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும் வழியே இல்லை என்பதன்று. அறுவை மருத்துவத்தால் வால்வை மாற்றலாம். மார்பைப் பிளவாமலே, தொடைக் குழாயின் வழியாகப் புது வால்வைப் பொருத்தும் முறையை 2002இல் பிரான்சு நாட்டு ரூவான் நகரில் அலென் கிரிபியே தொடங்கி வைத்தார். வயது முதிர்ந்தோர் பலர் அதனால் நலம்பெற்று நடமாடுகின்றனர்.

அன்பர்களே, உங்கள் இல்லத்து முதிய பெண்மணி மாடிப்படியில் இருமுறை நின்று மூச்சு வாங்குகின்றாரா? முன்பு செய்த வேலையை இப்போது பாதியில் விடுகின்றாரா? அதை வயதின் தலையில் கட்டிவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் சென்று, குழலை மார்பில் வைத்து இதய ஒலியைக் கேட்கச் செய்யுங்கள். தேவையெனில் எக்கோ பரிசோதனையும் செய்வியுங்கள். அவர் கேட்கமாட்டார். நாம்தாம் அவருக்காகக் கேட்க வேண்டும்.