ராடின் மேல் பூசிய மணல்

கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் வெல்டிங் ராடுப் பெட்டியை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஈ6013 என்றிருக்கும். 60 என்பது பற்றவைத்த உலோகம் தாங்கும் இழுவிசை: சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. 1 என்றால் படுக்கை, செங்குத்து, தலைக்கு மேல் என எந்த நிலையிலும் வைக்கலாம். கடைசி 3 மட்டும் உள்ளே இருக்கும் கம்பியை விட்டுவிட்டு மேல்பூச்சைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பூச்சு எப்போது, எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில், பூச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க நினைத்தேன். நாகர்கோவிலில் தெரிந்த பட்டறைக்காரரிடம், “அண்ணே, பூச்ச தட்டிட்டு வெறும் கம்பில வைக்க முடியுமா?” என்றேன். “நிக்காது தம்பி” என்றபடியே ஒரு 10 நம்பர் ராடை, அதாவது 3.15 மி.மீ. கம்பியை, சுத்தியலால் தட்டி உரித்தார். டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் 110 ஆம்பியரில் இருந்தது. உரசியதும் கம்பி தகட்டோடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கி மறுபடி உரசினார்; படபடவென்று வெடித்து, உருண்டை உருண்டையாகச் சிந்தி அணைந்தது. ஓர் உருண்டையைத் தட்டி உடைத்தோம். உள்ளே முழுக்கத் துளை. பிறகு அதே அளவில் பூச்சுள்ள ராடை ஓட்டினார். ஆறியதும் கசடு நீள ஓடாகத் தானே கிளம்பி வந்தது. அடியில் நெருக்கமான அலைவரிகளோடு பளபளத்தது இரும்பு.

காரணம் தெளிவானது. உருகிய இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டால் துளை விழும், நொறுங்கும். பூச்சு எரிந்து வரும் வாயு காற்றை விலக்குகிறது. கசடு மேலே மூடி நிற்கிறது. நம் ஊர் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அப்போதெல்லாம் மின்வில் அணையாமல் காப்பதில் பூச்சிலுள்ள பொட்டாசியத்துக்குப் பங்குண்டு.

முதலில் பூச்சு இருக்கவில்லை. ரஷ்யாவில் 1880-களில் பெனார்டோஸ் கரித்தண்டால் பற்றவைத்தார். 1888-இல் பெர்ம் நகரப் பீரங்கி ஆலையில் ஸ்லாவ்யானோவ், உருகி இணைப்பில் சேரும் உலோகத் தண்டையே பயன்படுத்தினார். பூச்சு வந்தது ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகத்திலிருந்து. கப்பல் கொதிகலன்களின் விரிசலை அடைப்பதில் முனைந்திருந்த ஆஸ்கர் ஷெல்பெரி, இரும்புக் கம்பியைக் கார்பனேட்டும் சிலிகேட்டும் கலந்த குழம்பில் முக்கி உலர்த்திப் பார்த்தார். 1907-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1904-இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்று அம்பத்தூர் வரை வந்திருக்கிற ஈசாப். வெல்டிங் வரலாற்றில் எனக்கு மிகப் பெரியதாகப்படுவது அந்தக் குழம்புதான்.

ஆனால் ஷெல்பெரியின் குழம்பு 6013 அல்ல. 6013-இன் பூச்சில் முதன்மையானது ரூட்டைல், அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு. கசடு எளிதில் கழல்வதும், வில் மென்மையாக நிற்பதும், அணைந்த ராடு மறுபடி சட்டென்று பற்றுவதும் அதனால்தான். அது எங்கே கிடைக்கும் என்று தேடியபோது வந்து நின்ற இடம் நாகர்கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மணவாளக்குறிச்சி.

1909-இல், இந்த ஊர் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமத்தைக் கண்டுபிடித்தார் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர். அவருக்கு வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் வலைக்காக அதிலுள்ள தோரியம். அதே மணலில் ரூட்டைலும் இருந்தது. மலைப்பாறை சிதைந்து ஆறுகளில் வந்ததை அலை அலசி, கனமானதைக் கரையில் விட்டுப் போகிறது. மணவாளக்குறிச்சியிலுள்ள ஐஆர்இஎல் ஆலையில் அதைக் காந்தத்தாலும் உயர் மின்னழுத்தத்தாலும் பிரிக்கிறார்கள்: இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும், ரூட்டைல் இழுபடாது, ரூட்டைல் மின்சாரம் கடத்தும், சிர்கான் கடத்தாது. மோனசைட்டின் கதிர்வீச்சை எண்ணி அஞ்சும் கரையோர மக்கள் மணல் எடுப்பதை எதிர்க்கிறார்கள். அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடற்கரையில் ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். செம்மணி கார்னெட், நடுவே கரிய துகள்கள். அந்தக் கருமையில் பெரும்பங்கு இல்மனைட். ரூட்டைல் கொஞ்சம்தான். இல்மனைட்டையே பூச்சில் சேர்த்து ஜப்பானியர் தனி ராடு வகை செய்து கப்பல் கட்டப் பயன்படுத்தினார்கள் என்பது இந்தத் தேடலில்தான் தெரிந்தது. அடுத்து அந்தத் தடத்தைப் பிடிக்க வேண்டும்.