பெட்ரோல் திரும்பும் வழி

அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு ஈரத்துணி வைத்தியம் தெரியும். கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்கும் வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்துவிடும். டிரைவர் பானட்டைத் தூக்கி, ஏசி பம்ப் என்கிற பெட்ரோல் பம்ப் மேல் நனைத்த துணியைப் போட்டுவிட்டு, அது ஆறும்வரை நிழலில் ஒதுங்குவார். அந்தத் துணிக்கே வேலை இல்லாமல் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்பத்தூரில் பழைய கார்களை மட்டும் எடுத்துச் செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன்.

ஒரு மார்க் 2 அம்பாசடர் நின்றிருந்தது. பட்டறைக்காரர், எல்லோருக்கும் பாய், வயது அறுபதைத் தாண்டியவர். என் கையைப் பிடித்து கார்பரேட்டருக்கு அடியில் கொண்டுபோனார். “சூடு எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க சார்.” அணைத்து நேரமாகியும் விரல் வைக்க முடியவில்லை. அந்த 1489 சிசி இன்ஜினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று.

பெட்ரோலில் இலேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஏசி பம்ப் திரவத்தைத் தள்ளத்தான் செய்யப்பட்டது. குழாயில் ஆவி சேர்ந்தால் அதை அமுக்கிக்கொண்டே இருக்கும், கார்பரேட்டருக்கு ஒன்றும் போகாது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஓஸ் அதில் ஊறிப் பொத்தலாகிவிடும் என்பதால், பழைய ஓஸை முழுக்கக் கழற்றிய பிறகுதான் பாய் மற்ற வேலையைத் தொடுகிறார்.

பெரிய பம்ப் போட்டால் தீரும் என்று பலர் செலவு செய்கிறார்கள். பாய் அதை ஒப்புக்கொள்வதில்லை. “நிக்கிற பெட்ரோல்தான் சார் கொதிக்கும். ஓடவிட்டா எதுக்குக் கொதிக்குது?” ஐட்லிங்கில் இன்ஜின் குடிப்பது கொஞ்சம், குழாயில் பெட்ரோல் ஊர்ந்து ஊர்ந்து சூடேறுகிறது. கார்பரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு டீ (T) இணைப்பு வைத்து, ஒரு பங்கை டேங்குக்கே திருப்பிவிட்டால் பம்ப் வழியாக எப்போதும் குளிர்ந்த பெட்ரோல் ஓடும், குமிழியும் அதோடு போய்விடும். வண்டியை நிறுத்தியதும் குழாயில் ஏறும் அழுத்தத்துக்கும் அதுவே வடிகால். இல்லாவிட்டால் அந்த அழுத்தம் கார்பரேட்டரின் ஊசியைத் தள்ளித் திறந்து, இன்ஜினைப் பெட்ரோலில் மூழ்கடிக்கும். மாருதி 800-இன் கார்பரேட்டர் மாடல்களில் இந்த ரிட்டர்ன் லைனைக் கம்பெனியே வைத்து அனுப்பியது.

கைத்திறன் எல்லாம் அந்த டீக்குள் இருக்கிறது. திரும்பிப் போகும் காலில் பாய் ஒரு பழைய கார்பரேட்டர் ஜெட்டை இறுக்குகிறார். அதன் துளை ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிதானால் ஏற்றத்தில் வண்டி பெட்ரோல் இல்லாமல் திணறும். சிறிதானால் போட்டும் பிரயோஜனமில்லை. மெஷினில் போடாமல், மெல்லிய டிரில் பிட்டை விரல்களுக்கிடையே உருட்டியே துளையைப் பெரிதாக்கினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார், ஊதினார், மறுபடி அரைச் சுற்று உருட்டினார். பித்தளைத் தூள் அவர் நகத்தில் ஒட்டியிருந்தது.

டேங்கில் அவர் நெருப்பு வைப்பதே இல்லை. “நெறஞ்ச டேங்க் எரியும், காலி டேங்க் வெடிக்கும்” என்று வேலை பழகும் பையனிடம் என் முன்னாலேயே மறுபடி சொன்னார். கழுவிக் காயவைத்த டேங்கிலும் மடிப்புகளில் ஆவி தங்கும். அதனால் கேஜின் ஃப்ளோட்டைத் தாங்கும் வட்டத் தகட்டை மட்டும் கழற்றி, அதற்குப் பதில் மாட்டும் தகட்டை வாசலுக்குக் கொண்டுபோய், அதில் துளையிட்டு ஒரு குழாயைப் பித்தளை வைத்துப் பற்றவைத்தார்கள். குழாயின் வாய், உறிஞ்சும் குழாயிலிருந்து தள்ளியே இருக்கும். அருகில் விட்டால் திரும்பிவரும் குமிழியையே பம்ப் மறுபடி இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து சேசிஸ் ஓரமாக, சைலன்சருக்கு எட்டாமல், முன்னால் வரைக்கும் பைப். வளைவில் நசுங்கிய ஒரு துண்டை நிமிர்த்திப் பார்க்காமல் வெட்டி எறிந்தார் பாய். திரும்பும் வழி அடைபட்டால் அந்த அழுத்தமும் கார்பரேட்டர் மேல்தான் விழும்.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரிஜினல் போய்விடுமோ என்பது அவர் கவலை, நியாயமானதும்கூட. பாய் துளையிட்டது புதுப்பேட்டையில் தேடி வாங்கிய வேறொரு தகட்டில். வண்டியோடு பிறந்த தகடு எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி டிக்கியில் இருக்கிறது. பழைய வண்டிக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது என்று எனக்குப் பட்டது. பெயின்டுக்குக் கேட்ட பணத்தைத் தயங்காமல் கொடுக்கிற பலர் இந்த வேலைக்குக் கூலி பேரம் பேசுவதுதான் வருத்தம். பைப்பும் ஓஸும் சொற்பக் காசு. மற்றதெல்லாம் இந்த மனிதரின் கண்ணும் விரலும்.

சோதனையை உச்சிவெயிலுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். முதலில் ரிட்டர்ன் ஓஸின் முனையைக் கண்ணாடி பாட்டிலில் விட்டு, ஐட்லிங்கில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தார்கள். ஆரம்பத்தில் நுரைத்து வந்தது, பிறகு தெளிந்தது. ஓஸை டேங்கில் மாட்டி, ஊரைச் சுற்றிவிட்டு வந்து, பானட்டை மூடி நிறுத்திவைத்து, இன்ஜின் முழுக்க வெந்திருக்கும் நேரம் பார்த்து செல்ஃப் அடித்தார்கள். ஒரே அடியில் எடுத்தது.

“இதோட முடிஞ்சிடுச்சுன்னு நெனைக்காதீங்க சார்” என்றார் ஆசிரியரிடம். கார்பரேட்டர் கிண்ணத்துக்குள்ளேயே பெட்ரோல் கொதித்தால் ரிட்டர்ன் லைன் காப்பாற்றாது. கார்பரேட்டருக்கு அடியில் பேக்கலைட் தகடு வைக்க வேண்டும், அதை அடுத்த மாதம் செய்யலாம். பில்லின் பின்பக்கம் பையனை எழுதச் சொன்னார்: ஓஸ் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவும், கிளிப் முடுக்கவும், பெட்ரோல் வாடை வந்தால் ஓட்ட வேண்டாம்.