பாலம் சேர்ந்த ஊரில் பள்ளிக்கூடம் சேரவில்லை



ஐரோப்பா என்றால் எங்கள் ஆட்களுக்கு லண்டன், பாரிஸ், சுவிஸ்தான். இந்த ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் இருவரும் பொஸ்னியாவுக்குப் போய்வந்தோம் என்று சொன்னதும், "அங்கே பார்க்க என்ன இருக்கு? சண்டை நடந்த இடமெல்லோ?" என்றுதான் பலரும் கேட்டார்கள். முல்லைத்தீவில் படிப்பிக்கிறோம் என்று சொன்னால் வெளியூர் ஆட்கள் எங்களிடம் கேட்பதும் இதே கேள்விதான். தனித்தனியாகப் பதில் சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் போக நினைப்பவர்களுக்கு. ஜேர்மனியில் இருக்கும் மச்சானிடம் போவதற்காகப் பலமுறை நுழையக்கூடிய ஷெங்கன் விசா எடுத்திருந்தோம். அதனால் பொஸ்னியாவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. ஆனாலும் போகுமுன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மியூனிக்கிலிருந்து பஸ் இருக்கிறது. அங்கே நாணயம் மார்க். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 2 மார்க். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஜேர்மனியை விடச் செலவு நன்றாகக் குறைவு. ஹலால் சாப்பாடு தேடி அலைய வேண்டியதே இல்லை. சுட்ட இறைச்சியைப் பாணுக்குள் வைத்துத் தரும் செவாப்பி தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. கோப்பியைச் சின்னச் செம்புப் பாத்திரத்தில் ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு இனிப்பும் வைத்துத் தருகிறார்கள்.

தலைநகர் சரயேவோ. பழைய கடைத்தெருவில் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய காஸி ஹுஸ்ரேவ் பேக் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். அங்கிருந்து சில நிமிட நடையிலேயே கத்தோலிக்கத் தேவாலயம், ஓர்த்தடொக்ஸ் தேவாலயம், யூதர்களின் தொழுகைக்கூடம் மூன்றும் வந்துவிடுகின்றன. இந்த நகரத்தைத்தான் 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை 1,425 நாட்கள் முற்றுகையிட்டு வைத்திருந்தார்கள். 11,000க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஷெல் விழுந்து ஆட்கள் இறந்த இடங்களில், தரையில் உள்ள குழிகளைச் சிவப்புப் பிசினால் நிரப்பி வைத்திருக்கிறார்கள். சரயேவோ ரோஜா என்று அதற்குப் பெயர். வன்னியில் இருந்து போன எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

ஆற்றங்கரையில் அழகான ஒரு கட்டடம் இருக்கிறது. தேசிய நூலகமாக இருந்தது. 1992 ஆகஸ்டில் ஷெல் அடித்து எரித்தார்கள். இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாகின. கட்டடத்தைத் திருத்தி 2014இல் திறந்தார்கள். அதன் படிகளில் நின்றபோது எங்கள் இருவர் வாயிலும் வந்தது ஒரே சொல்: யாழ்ப்பாணம். 1981இல் எரிந்த நூலகத்தைப் பற்றிப் பக்கத்தில் நின்ற துருக்கிக் குடும்பத்துக்குச் சொன்னோம். அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

சரயேவோவிலிருந்து மொஸ்டாருக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலம். மலை, சுரங்கம், பச்சை நிறத்தில் நெரெத்வா ஆறு. அந்த ஆற்றின் மேல் 1566இல் ஒஸ்மானியர் கட்டிய ஒற்றை வளைவுக் கற்பாலம். 400 வருடங்களுக்கு மேல் நின்ற பாலத்தை 1993 நவம்பர் 9ஆம் திகதி குரோவாட் படை ஷெல் அடித்து விழுத்தியது. அதே மாதிரிக் கல்லால் திரும்பக் கட்டி 2004 ஜூலையில் திறந்தார்கள். அடுத்த வருடம் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இப்போது இளைஞர்கள் உல்லாசப் பயணிகளிடம் காசு சேர்த்துவிட்டு அதன் உச்சியிலிருந்து ஆற்றுக்குள் குதிக்கிறார்கள். எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம்.

2009க்குப் பிறகு எங்கள் பக்கமும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உடைந்ததைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ஊரில் யாருடைய வீட்டிலாவது தேத்தண்ணி குடித்தார்களா? அப்படி ஒரு பயணம் நாங்கள் போகக் கூடாது என்று ஹோட்டலை விட்டு ஒரு வீட்டில் அறை எடுத்தோம். அந்த வீட்டுக்காரத் தாய் எங்களை ஆசிரியர்கள் என்று அறிந்ததும், பாலத்தைப் பற்றிப் பேசவில்லை. மகனின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசினார்.

மொஸ்டாரில் பெரிய பழைய உயர்பாடசாலை ஒன்று இருக்கிறது. ஒரே கட்டடம், ஒரே நிர்வாகம். ஆனால் பொஸ்னிய முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோவாட் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடத்திட்டம். வகுப்பும் வேறு. நாட்டின் வேறு ஊர்களில் இதைவிட மோசம். ஒரே கூரையின் கீழ் இரண்டு பாடசாலைகள் என்றே அதற்குப் பெயர். சில இடங்களில் வாசலும் வேறு, நேரமும் வேறு. இப்படி 50க்கும் மேற்பட்ட பாடசாலைகள். இரண்டு பக்கமும் பேசும் மொழி ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கும் மொழிதான். பாலம் 11 வருடத்தில் எழும்பிவிட்டது. வகுப்பறை இன்னும் சேரவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. யாய்ட்சே என்ற ஊரில் மாணவர்களைப் பிரித்துப் புதுப் பாடசாலை அமைக்கத் திட்டம் போட்டபோது, பிள்ளைகளே வீதிக்கு இறங்கி மறுத்தார்கள். 2017இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த வருடம் அந்த மாணவர்களுக்குச் சர்வதேச விருதும் கிடைத்தது. பெரியவர்கள் பிரித்த இடத்தில் சேர்ந்திருப்போம் என்று சொன்னது பதின்ம வயதுப் பிள்ளைகள்!

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் பெற்றோர் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்திலிருந்து கையில் கிடைத்ததோடு புத்தளம் போனார்கள். நாங்கள் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். 2009இல் இங்குள்ள தமிழ் உறவுகள் நந்திக்கடல் பக்கம் இழந்ததை எழுத எங்களுக்குத் தகுதி இல்லை. இரண்டு துயரத்தையும் தராசில் வைக்கவும் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வாப்பா வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடை போட்ட கதைகளை இன்றைக்கும் சொல்லுவார். அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தமிழ்க் கூட்டாளிகள் இருந்தார்கள். எங்கள் மாணவர்களுக்கு அப்படி எத்தனை பேர்? நாங்கள் இருவருமே தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டுப் படித்தது கல்வியியற் கல்லூரிக்குப் போன பிறகுதான். அப்போது இருபது வயது தாண்டிவிட்டது.

பொஸ்னியாவில் பாடத்திட்டம் வேறு, அதனால் சேர்ப்பது கஷ்டம் என்கிறார்கள். எங்களுக்கு என்ன சாட்டு? சமய பாடம் தவிரப் புத்தகம் ஒன்று. மொழி ஒன்று. சாதாரண தரப் பரீட்சைத் தாளும் ஒன்று. முஸ்லிம் பாடசாலையையோ தமிழ்ப் பாடசாலையையோ மூடச் சொல்லவில்லை. இரண்டும் இருக்கட்டும், இரண்டுக்கும் தேவை இருக்கிறது. தவணைக்கு ஒரு நாள், விஞ்ஞானக் கண்காட்சியோ, கணித முகாமோ, கிரிக்கெட் மட்சோ, பிள்ளைகளைக் கலந்து குழு பிரித்து நடத்தலாம் அல்லவா? முஸ்லிம் ஒரு பக்கம், தமிழ் மறுபக்கம் என்று நடக்கும் மட்ச் வேண்டாம், கலந்த அணிகள்தான் வேண்டும்.

அடுத்த தவணைக்குத் தரம் 10 பிள்ளைகளோடு கணித முகாம் ஒன்று தொடங்க யோசித்திருக்கிறோம். இரண்டு பக்கத்து அதிபர்களிடமும் பேசப் போகிறோம். சேர விரும்பும் ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் ஆள் தேவை, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பொஸ்னியா விசா பற்றிக் கேட்பவர்களுக்கும் தெரிந்ததைச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.